சங்கிலியும் தூரிகையும்: பினாங்கிலிருந்து அடிலெய்டு வரை ஒரு சர்வேயரின் பின்னால்

சனிக்கிழமை, ஜார்ஜ் டவுன்

பினாங்கு வந்தவர்கள் முதல் பதிவில் நாசி கண்டாரைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதெல்லாம் சாப்பிட்டாச்சு, நன்றாகவே இருந்தது, ஆனால் நான் வந்தது ஒரு சர்வேயரைத் தேடி. சிவகங்கைப் பக்கம் நிலம் அளந்தே பிழைத்தவன் நான். வரப்பில் சங்கிலி பிடித்தவனுக்கு, ஒரு தலைநகரத்துக்கே இடம் பார்த்து அளந்து தெரு போட்ட ஆள் மேல் ஆர்வம் வராமல் எப்படி இருக்கும்? பெயர் வில்லியம் லைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தை 1837-ல் அளந்தவர். மாலுமியாக இருந்திருக்கிறார், குதிரைப்படை அதிகாரியாக இருந்திருக்கிறார், அதோடு நல்ல ஓவியர். அடிலெய்டில் அக்கா மகன் இருக்கிறான், அவன் வீட்டுக்குப் போகிற வழியில் ஆள் பிறந்த பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று இங்கே இறங்கினேன்.

அவர் அப்பா பிரான்சிஸ் லைட்தான் 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைப் பிடித்துக் கொடுத்தவர். கெடா சுல்தானிடம் பாதுகாப்பு தருவோம் என்று வாய் வார்த்தை சொல்லித் தீவை வாங்கி, அப்புறம் கம்பெனி கையை விரித்த கதை அது. அதே வருஷம் ஏப்ரல் 27-ல், தீவுக்கு எதிர்க்கரையில் கோலா கெடாவில் வில்லியம் பிறந்தார். அம்மா மார்ட்டினா ரோசெல்ஸ், போர்த்துக்கீசிய, சயாம் கலப்பு என்று சொல்கிறார்கள். முறைப்படி சர்ச்சில் கல்யாணம் ஆகவில்லை. ஆறு வயதில் பையனைக் கப்பலேற்றி இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் ஒரு குடும்பத்திடம் வளர அனுப்பிவிட்டார்கள். அப்பா 1794-ல் மலேரியாவில் இறந்தார், மகன் அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

அப்பாவின் கல்லறை நார்தாம் ரோட்டுப் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஈழத்தலரி மரங்கள் கிளை விரித்து நிற்கின்றன, கீழே பூ கொட்டிக் கிடக்கிறது, பாசி பிடித்த கல் எழுத்தைப் படிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அங்கிருந்து கோட்டைக்குப் போனேன். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரான்சிஸ் லைட்டுக்கு 1936-ல் வைத்த வெண்கலச் சிலை உண்டு. அப்பாவின் படம் ஒன்றுகூட அகப்படாததால் மகனின் முகத்தைப் பார்த்துத்தான் சிற்பி செய்தாராம். ஆக, பெயர்ப் பலகையில் அப்பா, முகத்தில் மகன். நான் தேடி வந்த ஆளை முதல் நாளே பார்த்துவிட்டேன்.

ஞாயிறு, ஜார்ஜ் டவுன்

காலையில் லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்று நான்கையும் சுற்றி நடந்தேன். அப்பா முதலில் போட்ட கட்டம் இந்த நான்குதான், அதற்குள்தான் ஆரம்ப ஊர். சூலியா தெருவில் நம்மூர் முஸ்லிம் வியாபாரிகள் அன்றைக்கே கடை போட்டிருக்கிறார்கள். மகன் அடிலெய்டில் போட்ட சதுரத் தெருக்களுக்கு இதுதான் முன்மாதிரி என்று சிலர் எழுதுகிறார்கள். ஆறு வயதில் கிளம்பிய பையனுக்குத் தெரு அமைப்பு எவ்வளவு ஞாபகம் இருந்திருக்கும்? எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. கம்பெனிக்காரன் போன இடமெல்லாம் கட்டம்தான் போட்டான்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்காக இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். வில்லியமின் அக்கா சாராவைக் கட்டியவர் ஜேம்ஸ் வெல்ஷ், மதராஸ் படை அதிகாரி. சின்ன மருது எனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தார் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்த அதே வெல்ஷ். 1801-ல் அதே மருதுவை எதிர்த்துக் காளையார்கோவில் காட்டுக்குள் போன படையிலும் இருந்தார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் 1802-ல் நாடு கடத்தினார்களே, எங்கே? இந்தப் பினாங்குக்குத்தான். 1818-ல் வெல்ஷ் இங்கே வந்தபோது தளர்ந்துபோன ஓர் ஆள் அவரிடம் வந்து நின்றிருக்கிறார். அது துரைச்சாமி. பதினைந்து வயதுப் பையனாகக் கப்பலேறியவர், பதினாறு வருஷத்தில் கிழவர்போல ஆகியிருந்தார். வெல்ஷ் மனசு கேட்காமல் எழுதியிருக்கிறார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை, செய்ய அதிகாரமும் இல்லை. மாமனார் பிடித்த தீவில், மருமகன் கண்ணெதிரே, எங்கள் சீமைப் பிள்ளை. கடற்கரைச் சாலையில் இதை நினைத்துக்கொண்டே நடந்தேன், காலைப் பசியே தெரியவில்லை.

செவ்வாய், அடிலெய்டு

கோலாலம்பூர் வழியாக வந்து சேர்ந்தேன். இராத்திரி விமானம், தூக்கம் சரியில்லை. அக்கா மகன் விமான நிலையத்திலிருந்து நேராகக் கூட்டிப்போனது மாண்டிபியோரி மேட்டுக்கு. "மாமா, உங்க ஆளை முதல்ல பார்த்துடுங்க, அப்புறம் வீட்டுக்குப் போகலாம்" என்றான். மேட்டு மேல் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது, ஒரு கையை நீட்டி நகரத்தைக் காட்டியபடி. 1906-ல் விக்டோரியா சதுக்கத்தில் வைத்தது, 1938-ல் இங்கே கொண்டுவந்தார்கள். அவர் கை காட்டும் பக்கம் சரிவின் கீழே சாட்சாத் அடிலெய்டு ஓவல் கிரிக்கெட் மைதானம். "முப்பத்தாறு ஆல் அவுட்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிச் சிரித்தோம். 2020 டிசம்பரில் நம்ம அணி அங்கே சுருண்டதை மறக்க முடியுமா?

மைதானம் அங்கே இருப்பதற்கும் லைட்தான் காரணம். அவருடைய வரைபடத்தில் டாரன்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒரு பெரிய நகரம், வடக்கே சின்னதாக ஒன்று, இரண்டையும் சுற்றிலும் யாருக்கும் விற்கக் கூடாத பூங்கா நிலம். அந்த நிலத்தில்தான் ஓவல் இருக்கிறது. 2008-ல் இந்தப் பூங்காக்களையும் நகர அமைப்பையும் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்திருக்கிறார்கள், இரயில் நிலையம், மருத்துவமனை, மைதானம் என்று. ஆனாலும் மேட்டில் நின்று பார்த்தால் பச்சை வளையம் தெரிகிறது. நம்மூரில் கண்மாய்ப் புறம்போக்கு இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

சிலைக்குக் கீழே அவருடைய நாட்குறிப்பிலிருந்து எடுத்த வாசகம் பொறித்திருக்கிறது. அடிலெய்டை நான் ஏன் இங்கே வைத்தேன் என்பது இப்போது யாருக்கும் புரியும் என்றோ, நிதானமாக எடைபோடுவார்கள் என்றோ நான் எதிர்பார்க்கவில்லை, பாராட்டா பழியா என்று வருங்காலம் சொல்லட்டும் என்கிற பொருளில். எவ்வளவு நொந்திருந்தால் ஒரு சர்வேயர் இப்படி எழுதுவார்!

புதன், அடிலெய்டு

நடை நாள். நார்த் டெரசும் வெஸ்ட் டெரசும் சந்திக்கும் மூலையிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் 1837 ஜனவரி 11-ல் அவர் அளக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். இன்றைக்கு அங்கே பழைய நியூமார்க்கெட் ஹோட்டல் கட்டடம் நிற்கிறது, எதிரே டிராம் திரும்புகிறது. மார்ச் 10-க்குள் வேலை முடிந்துவிட்டது. ஆற்றுக்குத் தெற்கே 700, வடக்கே 342, மொத்தம் 1,042 ஏக்கர் மனைகள், தெருக்கள் தனி. ஒரு சங்கிலி 66 அடி, பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், எண்பது சங்கிலி ஒரு மைல். இந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் வரும், அதனால் சொல்கிறேன், அங்கே ஜனவரி பிப்ரவரி என்றால் நடுக் கோடை, வண்டி மாடு போதாது, ஆட்களுக்குச் சாப்பாடே ஒழுங்காக வரவில்லை, அதில் இரண்டு மாதத்துக்குள் இவ்வளவையும் முளையடித்து முடிப்பது சாதாரண வேலை இல்லை.

முடித்ததை விட அதற்கு முந்தின கதை இன்னும் மோசம். அவருக்கு லண்டனில் கொடுத்த உத்தரவு: 1,500 மைல் கடற்கரையை ஆராய்ந்து நல்ல இடம் கண்டுபிடி, நகரத்தை அள, வெளியே விவசாய நிலத்தையும் அள. ரேபிட் என்ற சின்னக் கப்பலில் 1836 மே மாதம் புறப்பட்டு ஆகஸ்டில் கங்காரு தீவுக்கு வந்தார். வந்தால், அவருக்கு முன்பே குடியேறிகள் கப்பல் கப்பலாக வந்து காத்திருக்கிறார்கள். பணம் கட்டி நிலம் வாங்கியவர்கள், நிலம் எங்கே என்று கேட்கத்தானே செய்வார்கள்? டிசம்பர் கடைசியில் இந்த இடத்தை முடிவு செய்தார். காரணம் மூன்று. குடிக்க நல்ல தண்ணீர் தரும் ஆறு, மழையைப் பிடித்துக் கொடுக்கும் மலைத்தொடர், வெள்ளம் ஏறாத மேட்டு நிலம். துறைமுகம் ஆறு மைல் தள்ளி.

அந்த ஆறு மைல்தான் பிரச்சினை ஆனது. ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் கடற்படைக்காரர், அவருக்கு நகரம் தண்ணீர் ஓரம் வேண்டும். இந்த ஆளுநர் பதவியே லைட்டுக்கு வந்திருக்க வேண்டியது. எகிப்தின் முகமது அலியின் கடற்படைக்காக நைல் என்ற நீராவிக் கப்பலை 1834-ல் லண்டனிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ஓட்டிப்போனவர் லைட். நேப்பியர் என்ற தளபதி ஆளுநர் பதவி தனக்கு வேண்டாம் என்று சொல்லி லைட்டைச் சிபாரிசு செய்தார். அந்தச் சேதி ஹிண்ட்மார்ஷ் காதுக்கு எட்டியதும் அவர் முந்திக்கொண்டு லண்டன் போய்ப் பதவியை வாங்கிவிட்டார். லைட்டுக்கு ஆறுதலாகக் கிடைத்தது தலைமைச் சர்வேயர் பதவி, வருஷம் 400 பவுன். இப்போது அதே ஆள் வந்து இடத்தை மாற்று என்கிறார். 1837 பிப்ரவரியில் நிலம் வாங்கியவர்களைக் கூட்டி ஓட்டெடுப்பு நடந்தது. மாற்ற வேண்டாம் என்று 218, மாற்று என்று 127. ஹிண்ட்மார்ஷுக்குப் பிடித்த இடங்களில் ஒன்றான என்கவுண்டர் வளைகுடாவில் அந்த வருஷக் கடைசியிலேயே கப்பல்கள் கரைதட்டி உடைந்தன. அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

தெருக்களைப் பற்றி: கிங் வில்லியம் தெரு இரண்டு சங்கிலி, சுமார் 40 மீட்டர் அகலம். ஹிண்ட்லி தெரு ஒரே சங்கிலிதான், இரண்டையும் அடுத்தடுத்து நடந்தால் காலே கணக்கு சொல்லிவிடும். கிழக்கு மேற்குத் தெருக்கள் பல கிங் வில்லியம் தெருவைத் தாண்டியதும் பெயர் மாறிவிடும். ராஜாவை யாரும் குறுக்கே கடக்கக் கூடாதாம், அப்படி ஒரு கதை சொல்கிறார்கள்.

வெறும் கட்டம் என்று நினைத்தால், அதுவும் இல்லை. தெற்கு நகரத்தின் கிழக்கு ஓரம் நேர்கோடாக இல்லாமல் படிப்படியாக உள்வாங்குகிறது. வடக்கு நகரம் மூன்று துண்டாக, மேட்டின் போக்குக்கு ஏற்றபடி திரும்பி நிற்கிறது. நிலத்தை உட்கார்ந்து வரைந்து பழகியவனுக்குத்தான் இந்தக் கை வரும். வரைபடம் உண்மையில் உதவியாளர் கிங்ஸ்டன் போட்டது என்று வாதாடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள், டாரன்ஸ் ஆற்றை முதலில் கண்டதே கிங்ஸ்டன் போன குழுதான். இருக்கட்டும். இடம் இதுதான் என்று கழுத்தை நீட்டியது லைட்.

ஆனால் இந்த 1,042 மனைக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள், கௌர்னா மக்கள். அவர்கள் வாழும் நிலத்தில் அவர்கள் உரிமை பாதிக்கக் கூடாது என்று 1836-ல் லண்டனில் போட்ட அரச ஆணையிலேயே எழுதியிருந்தது. சங்கிலி போட்டவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, லைட் உட்பட. எந்தச் சிலையின் கீழும் இது இல்லை. இன்றைக்கு விக்டோரியா சதுக்கத்தின் பலகையில் தர்ன்தன்யங்கா என்ற அவர்கள் பெயரும் சேர்த்து எழுதியிருக்கிறது, 2018-ல் நீதிமன்றம் அவர்களுடைய பூர்வீக உரிமையையும் ஏற்றது. புல எண் போட்டு, பெயர் எழுதி, பட்டா கொடுத்து ஆயுசு போன எனக்கு அந்தப் பலகை முன்னால் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

வியாழன்

மழை. ஓவியக் கூடத்தில் பாதி நாள். லைட் தன்னைத் தானே வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று இவர்களிடம் உண்டு, கடைசிக் காலத்தில் வரைந்தது. கருத்த சுருள் முடி, மாநிறம், ஒடுங்கிய கன்னம். காசநோய் தின்றுகொண்டிருந்த முகத்தை அவரே கண்ணாடியில் பார்த்து ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். இளமையில் வரைந்த இன்னொன்று லண்டனில் இருக்கிறது, அதில் மிடுக்கான இராணுவக்காரர்.

கேமரா இல்லாத காலத்தில் படை அதிகாரிக்குப் படம் வரைவது பொழுதுபோக்கு இல்லை, வேலை. எதிரி நிற்கும் குன்று, ஆற்றைக் கடக்கும் துறை, பீரங்கி போகும் பாதை, எல்லாவற்றையும் குதிரை மேல் போய்ப் பார்த்துவிட்டு வந்து தாளில் காட்ட வேண்டும். 1808-ல் குதிரைப்படையில் சேர்ந்து ஸ்பெயின் போரில் வெலிங்டனுக்கு லைட் செய்தது இதுதான். பிரெஞ்சும் ஸ்பானியமும் சரளமாகப் பேசுவார், உளவுக்கும் வசதி. நாற்பதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒரு கீறல் படாமல் வந்தவர், படையை விட்ட பிறகு 1823-ல் ஸ்பானியப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து போய் அங்கேதான் காயம் பட்டார். அப்புறம் பணக்கார மனைவி, சொந்தப் பாய்க்கப்பல், மத்தியத்தரைக் கடல் முழுக்கச் சுற்றல். 1828-ல் பொம்பெய் இடிபாடுகளை வரைந்து புத்தகமாகப் போட்டார். மனைவி பிரிந்துபோனார். தென் ஆஸ்திரேலியாவுக்குக் கூட வந்தவர் மரியா காண்டி. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்ததால் ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டுப் பெண்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை. லைட்டே அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தவர்தானே.

வெள்ளி, ரேபிட் வளைகுடா

நகரத்திலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் போல. யாங்கலில்லா தாண்டியதும் மலைச் சரிவுகள் காய்ந்த புல்லோடு கடலில் போய் இறங்குகின்றன. 1836 செப்டம்பரில் இவர் குழு பெருநிலத்தில் முதலில் கரையிறங்கிய இடம், கப்பல் பெயரையே வைத்துவிட்டார்கள். டபிள்யூ.எல். 1836 என்று செதுக்கிய பாறை ஒன்று உண்டு. இங்கே அவர் வரைந்த நீர்வண்ணங்களை நேற்றே பார்த்திருந்ததால் இடம் சட்டென்று பிடிபட்டது, ஒரு பக்கச் சரிவை மட்டும் பின்னால் சுண்ணாம்புக் கல்லுக்காக வெட்டிவிட்டார்கள். படகுத்துறையில் முக்குளிப்பவர்கள் கூட்டம், இலை மாதிரி இருக்கும் கடல் டிராகனைப் பார்க்க வருகிறார்களாம். நான் கரையிலேயே உட்கார்ந்து மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை, லைட் சதுக்கம்

கடைசி நாளுக்கு வைத்திருந்தது இதுதான். நகரத்துக்குள் புதைக்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான் என்கிறார்கள், அதுவும் தான் வரைந்த ஒரு சதுக்கத்தின் நடுவில். முதலில் கிங்ஸ்டன் வடிவமைத்த நினைவுச் சின்னம் உதிர்ந்துபோய், 1905-ல் இப்போதிருக்கும் கல் தூணை வைத்தார்கள். அதன் உச்சியில் சிலுவையோ தேவதையோ இல்லை, மூன்று காலில் நிற்கும் ஒரு வெண்கலத் தியோடலைட், நிலம் அளப்பவர்கள் கோணம் பார்க்கும் கருவி. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். ஒரு சர்வேயருக்கு இதைவிடப் பெரிய மரியாதை நான் எங்கும் பார்த்ததில்லை.

அவர் கவிழ்ந்ததும் அந்தக் கருவியால்தான். நகரம் முடிந்ததும் வெளியே 1,50,000 ஏக்கர் அளக்க வேண்டியிருந்தது. அடிக்கோடு ஒன்றைத் துல்லியமாகச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து கோணம் எடுத்து முக்கோணம் முக்கோணமாகப் பரப்பிக்கொண்டே போகும் முறையைப் பிடித்தார். இந்தியாவை அளக்கக் கிளம்பிய லாம்டன் 1802-ல் நம் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டுத் தொடங்கியதும் இதே முறைதான். மெதுவாக நடக்கும், ஆனால் ஓரிடத்தில் பிசகினால் அடுத்த கோணத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இதற்கு ஆளும் வண்டியும் போதவில்லை என்று சொல்லிக் கிங்ஸ்டனை லண்டனுக்கு அனுப்பினார். 1838 ஜூனில் கிங்ஸ்டன் திரும்பி வந்தது ஆட்களோடு அல்ல, ஓர் உத்தரவோடு: முக்கோணத்தை விடு, ஓட்டமாக அளக்கும் ரன்னிங் சர்வே செய், முடியாது என்றால் வேலை கிங்ஸ்டனுக்கு. லைட் ராஜினாமா செய்தார். கூட இருந்த சர்வேயர்கள் ஏறக்குறைய எல்லோரும் சேர்ந்து விலகினார்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். அவசரப்படுத்தும் மேலதிகாரி எந்த ஊரிலும் உண்டு, கூட எழுந்து வரும் ஆட்கள்தான் கிடைப்பதில்லை.

1839 ஜனவரியில் அவர் குடிசை தீப்பிடித்தது. முப்பது வருஷ நாட்குறிப்பு, ஸ்கெட்ச் எல்லாம் சாம்பல். ஸ்பெயினும் எகிப்தும் அவர் கையால் எழுதியபடி நமக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு மத்தியானத்தில். அதே வருஷம் அக்டோபர் 6-ல், 53 வயதில் போய்ச் சேர்ந்தார், கையில் காசில்லாமல்.

கிங்ஸ்டனால் மீதி இருந்த ஆட்களை வைத்து ரன்னிங் சர்வேயும் ஓடவில்லை, அவரும் சில மாதத்தில் விலகினார். கடைசியில் லண்டன் அனுப்பிய புதிய தலைமைச் சர்வேயர் ராயல் எஞ்சினியர்ஸ் படையின் பிரோம், பயிற்சி பெற்ற படைவீரர்களோடு, லைட் கேட்டுக் கேட்டு ஓய்ந்த மாதிரியே. வந்து இறங்கியது 1839 செப்டம்பரில், லைட் சாவதற்கு மூன்று வாரம் முன்னால். பிரோமும் நீர்வண்ண ஓவியர், உள்நாட்டுப் பாலைவனம் வரை போய் வரைந்திருக்கிறார். அவர் படங்களும் இங்கேயே ஓவியக் கூடத்தில் இருக்கின்றன, வியாழக்கிழமை லைட்டைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. நாளை மத்தியானம்தான் விமானம், காலையில் கூடம் திறந்ததும் அக்கா மகனை இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போய் வரப் போகிறேன்.